பொழுதைச் சுருக்கியவர்கள்

செடிகளைக் குற்றம் சொல்ல முடியாது. பூவைத் தவிர எல்லாம் அவற்றிடம் இருந்தது. தண்டு விரல் தடிமன். இலை எண்ணெய் தடவினாற்போல் பளபளப்பு. தொட்டியின் விளிம்பே தெரியாத அளவுக்கு அடர்த்தி. பதியக்காரி காலையில் கறுப்புத் துணியை விலக்கியதும் முதல் வேலையாகக் குனிந்து செடியின் நுனியைப் பிரித்துப் பார்ப்பாள். மொட்டு வைக்கப் போகிற செவ்வந்திக்கு நுனியில் ஒரு சின்ன உருண்டை திரளும். குண்டூசித் தலை அளவு இருந்தாலே போதும், விரலுக்குத் தெரிந்துவிடும். அவள் விரலில் இலைதான் தட்டுப்பட்டது. இலைக்குள் இலை, அதற்குள் கண் திறக்காத இன்னொரு குட்டி இலை.

பதியக்காரி என்பது சந்தையில் வைத்த பெயர். எந்தக் கொம்பைக் கிள்ளி மணலில் குத்தினாலும் அவள் கைக்கு வேர் பிடித்துவிடும். அவள் புருஷன் நாற்றுக்காரர் மண் கலப்பது, தொட்டி மாற்றுவது, மருந்தடிப்பது எல்லாம் பார்ப்பார். வேர் பிடிக்க வைப்பது மட்டும் அவள் பொறுப்பு. ஆகவே இந்த வருஷம் பூ வரவில்லை என்றதும் அவர் முதலில் திரும்பிப் பார்த்தது அவள் பக்கம்தான்.

அவர்கள் இருந்த இடம் ஊர்ப் பூங்காவின் பின்மதிலை ஒட்டிய நீளத் துண்டு நிலம். இரண்டு அறை வீடு, ஒரு கிணறு, சாமான் போடும் ஒரு தகரக் கொட்டகை. எல்லாமே பூங்காவுக்குச் சொந்தம். பூங்காவுக்கு வேண்டிய பூச்செடிகளை வளர்த்துக் கொடுக்கிறவரை அவர்கள் அங்கே குடியிருக்கலாம், மிச்சச் செடிகளை வெளியிலும் விற்றுக்கொள்ளலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதியக்காரிக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். இப்போது பூங்கா நடுவில் இருந்த நீரூற்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றிய வட்டம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி வேண்டும், திறப்பு விழா அன்று பூத்து நிற்க வேண்டும் என்று பூங்கா மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். வெளியிலிருந்து லாரியில் செடி கொண்டுவந்து இறக்குகிறவர் ஒருவர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாராம். இந்த இடத்தின்மேல் அவருக்கு ஒரு கண்ணாம். இந்த வட்டம் சரியாக அமைந்துவிட்டால் அவர் வாய் அடைத்துப்போகும். அமையாவிட்டால் தன்னால் ஒன்றும் பேச முடியாது என்றார்.

செவ்வந்தி பொழுது சுருங்குகிற காலத்தில் பூக்கிற செடி. விழாவோ பொழுது நீண்ட காலத்தில் வந்து நின்றது. அதற்கும் ஒரு வழி அவர்கள் கையில் இருந்தது. செடிகளின்மேல் வளைவுக் கம்பிகள் நட்டு, சாயங்காலம் வெயில் இருக்கும்போதே கறுப்புத் துணியை இரட்டையாகப் போர்த்திவிடுவார்கள். மறுநாள் விடிந்து நன்றாக வெளிச்சம் ஏறிய பிறகுதான் விலக்குவார்கள். பொழுது சுருங்கிவிட்டது என்று செடி ஏமாந்து மொட்டு வைத்துவிடும். போன வருஷம் இப்படித்தான் செய்தார்கள், பூத்துக் கொட்டியது. பக்கத்து நிலத்து ரோஜாக்காரர் வந்து பார்த்துவிட்டு, "செடியையே ஏமாத்துற ஆளு நீங்க, மாப்ள. உங்ககூடப் பழகவே பயமா இருக்கு," என்று சிரித்தார்.

இந்த வருஷம் அதே ரோஜாக்காரர் வேலியோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, கீரை நல்லா வந்திருக்கு போல."

பதியக்காரி தொட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்றுக்காரர்தான் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"கீரைன்னா பறிச்சுத் தின்னுட்டாவது போகலாம். இத என்ன செய்யறது."

"உரம் கூடிப்போச்சோ?"

"போன வருஷம் போட்ட அதே உரம்."

"கொம்பு எங்க எடுத்தது?"

"அவளக் கேளுங்க," என்று நாற்றுக்காரர் உள்ளே போய்விட்டார்.

கொம்பு எடுத்தது போன வருஷம் பூத்த அதே தாய்ச்செடிகளில்தான். அதை அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். கேட்கிற காது இருந்தால்தானே. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்தபடி, "முத்தின கொம்பா எடுத்திருப்ப," என்பார். படுக்கப் போனால், "மலட்டுக் கொம்பும் இருக்கும்ல," என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிள்ளை இல்லாத வீட்டில் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சொன்ன பிறகு தெரியும். அப்புறம் நெடுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டு கிடப்பார்.

அந்த மாதிரி நேரங்களில் நடுவில் புகுந்து பேச்சை மாற்றுகிறவள் நாத்தனார்தான். நாற்றுக்காரரின் அக்கா. புருஷன் போனபின் மகன் வீட்டில் இருந்தாள். மகன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, புது வீடு பார்த்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று இங்கே விட்டுவிட்டுப் போனான். வீடு கிடைத்தது, குடியும் போனான். கூட்டிப்போவதைப் பற்றிய பேச்சு மட்டும் தொலைபேசியில் வர வரச் சுருங்கி, அப்புறம் இல்லாமலே போனது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாகத்தான் எந்நேரமும் எதையாவது செய்துகொண்டிருப்பாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள், காலித் தொட்டிகளை அளவு பார்த்து அடுக்குவாள். கறி கொஞ்சமாக இருந்தால், "எனக்கு வயித்துக்கு ஒத்துக்கல," என்று தட்டை நகர்த்துவாள்.

இந்த வருஷம் மழை தப்பிப் பெய்தது. விடாத தூறல். மண் காய நேரமே இல்லை. ஈரம் கண்டு நத்தைகள் கிளம்பின. துணிக்குள் இருட்டும் புழுக்கமும் அவற்றுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. முதல் வாரம் காலையில் துணியை விலக்கினால் இலையெல்லாம் சல்லடை. நாற்றுக்காரர் கை பிசைந்தார். மருந்து வைத்தார், மழை கரைத்துக்கொண்டு போனது. அப்போதுதான் நாத்தனார் முன்வந்தாள்.

"பகல்ல அது எங்க இருக்குன்னே தெரியாது தம்பி. ராத்திரி மேய வர்றப்ப எடுத்தாத்தான் உண்டு. எனக்குத்தான் ஒரு தூக்கம் போட்டா முழிப்பு வந்துடுதே, நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து நடுராத்திரி எழுந்து, துணியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து, வரிசை வரிசையாக நத்தை பொறுக்கி உப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டாள். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் டப்பா என்றால் பொறுக்க முடியவில்லை. நாற்றுக்காரர் ஒரு கம்பியை வளைத்து நடு வளைவில் கொக்கி மாட்டிக் கொடுத்தார். பெரிய சார்ஜ் விளக்கை அதில் தொங்கவிட்டால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பளிச்சென்று தெரிந்தது. இரண்டே வாரத்தில் சல்லடை நின்றது. "அக்கா இல்லன்னா இந்நேரம் குச்சிதான் நின்னுருக்கும்," என்று நாற்றுக்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். அதைக் கேட்கும்போது நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வாள். அந்த நாட்களில் தட்டை நகர்த்தாமல் சாப்பிட்டாள்.

அந்தத் துணிக் கூடாரத்துக்குள் ஒரு கோடியில் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று நின்றது. மழை விடாததால் அதைத் தொடுவார் இல்லை. அதற்குப் பின்னால் கொஞ்சம் தொட்டிகள், கை எட்டாத மூலை. ஒரு மத்தியானம் அடியில் கசிவு தெரிந்ததால் பதியக்காரி பீப்பாயைச் சாய்த்து உருட்டி நகர்த்தினாள். பின்னால் இருந்த தொட்டிகளை இழுத்து வைக்கக் குனிந்தபோது, பழக்கத்தில் விரல் நுனிக்குப் போனது.

உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது.

அவள் அடுத்த தொட்டியைப் பார்த்தாள். அதிலும். அதற்கடுத்ததில் மொட்டு நன்றாகவே திரண்டு, பச்சைத் தோலுக்குள்ளிருந்து மஞ்சள் கோடு போல ஒன்று எட்டிப் பார்த்தது. வந்துவிட்டது என்று எழுந்து கத்தப் போனவள், இரண்டு தொட்டி தள்ளிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அங்கே இல்லை. இலைதான். மறுபக்கமும் போய்ப் பார்த்தாள். பீப்பாய்க்கு நேர் பின்னால் மட்டும் மொட்டு. பீப்பாய்க்கு அருகே குறுகலாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போக விசிறி மாதிரி விரிந்திருந்தது. நாற்று வரிசைக்கும் அந்த வடிவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீர் பாயும் போக்கும் அப்படி இல்லை. கோடு போட்டு வெட்டினாற்போல் ஓரம் தெளிவாக இருந்தது. நிழலின் ஓரம்தான் அப்படி இருக்கும்.

நிழல் என்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தலையை நிமிர்த்தினாள். நேர் எதிரே, நடு வளைவில், நாற்றுக்காரர் மாட்டிய கொக்கி.

அவள் புருஷனைக் கூப்பிட்டபோது குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். அவர் வந்தார், மொட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அவள் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு தொட்டியாகக் காட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கொக்கியைக் காட்டினாள். மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்று, மெல்ல வாடியது.

"கைவெளக்குதானே. அது என்ன சூரியனா?" என்றார்.

"நாம பகலச் சுருக்குறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். அதுக்கு ராத்திரிதான் கணக்கு போல. தொடர்ந்து இருட்டா இருக்கணும். நடுவுல வெளிச்சம் பட்டா, விடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு மறுபடியும் மொதல்லேருந்து எண்ண ஆரம்பிச்சுடுது."

"போன வருஷம்..."

"போன வருஷம் மழையில்ல. நத்தையில்ல."

அவர் ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். திட்டுவதற்கு ஆள் தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தார். துணி போட்டவர் அவர். கொக்கி மாட்டியதும் அவர். ராத்திரி விளக்கோடு அக்கா போவதைப் படுக்கையில் கிடந்தபடி பார்த்துவிட்டு நிம்மதியாகப் புரண்டு படுத்தவரும் அவர்தான். பதியக்காரியும் அப்படித்தான் புரண்டு படுத்தாள்.

இன்று விளக்கை நிறுத்தினால் இன்றிலிருந்து செடி எண்ணத் தொடங்கும். மொட்டு திரண்டு, தோல் விட்டு, நிறம் காட்டி விரிவதற்குள் விழா முடிந்து, போட்ட பந்தலையும் பிரித்திருப்பார்கள். உரத்தைக் கூட்டினாலும் முடியாது, தலைகீழாக நின்றாலும் முடியாது. செடியிடம் கெஞ்ச முடியாது. இருவருக்கும் அது தெரியும்.

கடைசியில் அவர்தான், "அக்காகிட்டச் சொல்லாத," என்றார்.

"சொல்லாம எப்படி நிறுத்தறது?"

"எப்படியாவது. ஆனா இதச் சொல்லாத. தாங்க மாட்டா."

கொஞ்ச நேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல், "கொம்பு நல்ல கொம்புதான்," என்றார். இதை அவர் வேறொரு நாளில் சொல்லியிருந்தால் அவளுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நாத்தனார் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பதியக்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, இனிமே ராத்திரி நீங்க எந்திரிக்க வேணாம். நத்தைதான் கொறஞ்சுடுச்சே."

நாத்தனாரின் கை நின்றது.

"நேத்துகூட அரை டப்பா."

"ஓரத்துல சுண்ணாம்பு போட்டுடலாம்னு அவங்க சொல்றாங்க."

"இந்த ஈரத்துல சுண்ணாம்பு நிக்குமா? அவனுக்குத் தெரியாதா அது?" நாத்தனார் ஒரு தோலை முழு நீளத்துக்கு உரித்து முடித்தாள். "எம்மேல ஏதாச்சும் கொறையா?"

"அய்யோ, இல்ல அண்ணி."

"செடிய மிதிச்சுட்டேனா? உள்ள போறப்ப பாத்துத்தான் காலு வைக்கிறேன்."

"இல்ல அண்ணி. உடம்பு கெட்டுப்போகுதேன்னுதான்."

"எனக்கென்ன உடம்பு. இந்த வீட்ல என் கைல இருக்கிறது அந்த ஒரு வேலைதான். மத்ததெல்லாம் நீ செய்யறது, நான் ரெண்டாந்தரம் செய்யறேன். அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" குரலில் கோபம் இல்லை. "அதையும் வாங்கிக்கிட்டா, நான் எதுக்கு இங்கன்னு எம்பையன் கேட்டா என்ன சொல்லுவேன்? அவன் கேக்கமாட்டான், அது வேற."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். பதியக்காரிக்குச் சிரிக்க வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொல்வது, சொல்லாவிட்டால் துரத்துவது, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பேச்சு கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. விளக்கில் சார்ஜ் நிற்கவில்லை, கடையில் கொடுத்திருக்கிறோம் என்று நாற்றுக்காரர் ஒரு பொய் சொன்னார். நாத்தனார் சரி என்றாள். அன்று தட்டை நகர்த்திவிட்டாள். ராத்திரி எழுந்து, இருட்டில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டு வந்து படுத்தாள். பதியக்காரி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

மேஸ்திரி ஒரு நாள் காலையில் வந்தார். தூறல் விட்டிருந்தது. அவரும் செடியோடு வளர்ந்து, செடியோடு தலை நரைத்தவர். கூடாரத்தின் முன்னால் நின்று பார்த்தார். கேட்கவே இல்லை, பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நாற்றுக்காரர் தான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். மழை, ஈரம், இந்த வருஷத்துக் காலநிலை. மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். லாரிக்காரரிடம் பூத்த செடியே தயாராக இருக்கிறது, அலுவலகத்தில் நேற்றே பேசி முடித்துவிட்டார்கள், தான் வந்தது கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகத்தான் என்றார். விழாவுக்குப் பிறகு இடத்தையும் அவருக்கே விடுவதாகப் பேச்சு. பேச்சு என்ன, முடிவே ஆகிவிட்டது. மேஸ்திரி சொல்லிவிட்டு நீரூற்று இருக்கும் திசையைப் பார்த்தார்.

பதியக்காரி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பின்னாலேயே நாத்தனாரும் வந்துவிட்டாள். தம்பி முகம் செத்துக்கிடப்பதைப் பார்த்திருக்க வேண்டும். புதிய ஆட்களிடம் பேசாதவள் அன்று பேசினாள்.

"பூவு இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வந்துடும் மேஸ்திரி. இலையப் பாருங்க. ஒரு ஓட்டை காட்டுங்க பாப்போம். எந்தத் தோட்டத்துல இந்த மழைக்கு இப்படி இலை இருக்கு?"

மேஸ்திரி ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். "உண்மைதாம்மா. பூங்காவுல நத்தை எல்லாத்தையும் மொட்டை அடிச்சிருச்சு. நீங்க என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. எல்லாம் என் கைதான்."

"அக்கா, டீ ஆறுது," என்றார் நாற்றுக்காரர்.

"இருடா. தினம் ராத்திரி, நீங்கெல்லாம் தூங்குற நேரம், உள்ள போயி ஒண்ணொண்ணா பொறுக்குவேன். ஒரு நாள் தவறினதில்ல. இதோ, இந்தக் கொக்கியில வெளக்க மாட்டிட்டா பகல் மாதிரி இருக்கும்."

மேஸ்திரி கொக்கியை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் செடியைப் பார்த்தார். அப்புறம் நாற்றுக்காரரை. நாற்றுக்காரர் தரையைப் பார்த்தார். பதியக்காரி கையில் இருந்த காலித் தட்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மேஸ்திரிதான் கொஞ்சம் தாமதமாக, "நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா," என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு, வரேன் என்று கிளம்பினார்.

அதை அவர் ஒரு நொடி முன்னால் சொல்லியிருந்தால் போதும். அந்தத் தாமதம் நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே இருந்தவள் அவள். மூன்று முகங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டாள்.

"வெளக்கு பட்டா என்ன ஆகும்?" என்றாள்.

நாற்றுக்காரர் கொட்டகைப் பக்கம் நடந்தார். அவள் பதியக்காரியிடம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. வெளக்கு பட்டா என்ன?"

பதியக்காரியின் கண் அவளைக் கேட்காமலே பீப்பாய் இருந்த மூலைக்குப் போய்விட்டது. நாத்தனார் அதையும் பார்த்தாள். மெல்லப் போனாள். மொட்டு வைத்திருந்த தொட்டிகள் முன்னால் உட்கார்ந்தாள், ஒன்றைத் தொட்டாள், திரும்பிக் கொக்கியைப் பார்த்தாள், மறுபடி தொட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் இதைப் படிக்க அவளுக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. அழவில்லை. எழுந்து வந்து மேஸ்திரி குடிக்காத டீயை எடுத்துக் கொட்டி, டம்ளரைக் கழுவி வைத்தாள்.

அன்று பகல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது. நாற்றுக்காரர் கொட்டகையிலிருந்து சாமான்களை எடுத்து வெளியே வைத்தார், பிறகு அவற்றையே திரும்ப உள்ளே வைத்தார். எங்கே போவது என்று பேச்சு எடுக்க இருவருக்கும் தைரியமில்லை. பதியக்காரியின் அண்ணன் வீட்டில் ஒரு அறை கேட்கலாம். ஒரே ஒரு அறை. அதில் எத்தனை பேர் என்ற கணக்குக்குப் போகாமலே அவள் மனசு அந்தப் பேச்சை விட்டுவிட்டு வந்தது.

சாயங்காலம், துணி போர்த்துகிற நேரம் ஆனது. "இனி என்னத்துக்கு," என்று நாற்றுக்காரர் கதவருகிலேயே நின்றுவிட்டார். பதியக்காரிக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் கால் போனது. போய்ப் பார்த்தால் நாத்தனார் ஏற்கெனவே அங்கே இருந்தாள். துணியின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர் முனையைப் பிடிக்க ஆள் வருவதற்காக நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"புடி," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

பதியக்காரி பிடித்தாள். இருவரும் இழுத்து வளைவுகளின் மேல் போட்டார்கள். ஓரங்களில் கல் வைத்தார்கள். நாத்தனார் ஒவ்வொரு கல்லாக மறுபடி குனிந்து பார்த்து, இடுக்கு தெரிந்த இடங்களில் மண்ணை வாரி அடைத்தாள். வெயில் இன்னும் மதில்மேல் இருந்தது. உள்ளே அதற்குள் நடு இரவு.

கொஞ்ச நேரம் இருவரும் அங்கேயே நின்றார்கள். தூறல் மறுபடி தொடங்கியது. துணிக்கு மிக அருகில் நின்றால் உள்ளே நத்தை மேய்கிற சத்தம் கேட்டது. யாரோ காகிதத்தை மெதுவாக, அவசரமில்லாமல் சுரண்டுகிற மாதிரி. முதலில் ஒரு இடத்தில், பிறகு பக்கத்தில், பிறகு உள்ளே தள்ளி எங்கோ.

நாத்தனாரின் கை துணியின் ஓரத்துக்குப் போய், தொடாமல் நின்றது.

"வெளக்கில்லாம போயி, கையால தடவித் தடவி எடுத்தா ஆகுமா?" என்று கேட்டாள். "இல்ல, தொறந்து உள்ள நொழையறதே தப்பா?"

பதியக்காரி மேற்கே பார்த்தாள். வெளிச்சம் இன்னும் அடங்கவில்லை.

"தெரியல, அண்ணி," என்றாள்.